பில்லின் பின்பக்கம் எழுதிய கிரய ஒப்பந்தம்: லூசி எதிர் ஸெமர், 1954

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், டின்விடி மாவட்டம், மெக்கென்னி என்ற சிற்றூர். 1952 டிசம்பர் 20, சனிக்கிழமை இரவு, அங்கே ஓர் உணவகத்தில் சாப்பாட்டு பில்லின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதப்பட்டது. "ஃபெர்குசன் பண்ணையை முழுமையாக டபிள்யூ. ஓ. லூசிக்கு 50,000 டாலருக்கு விற்க நாங்கள் இதன் மூலம் சம்மதிக்கிறோம். உரிமைமூலம் வாங்குபவருக்குத் திருப்தியாக இருக்க வேண்டும்." (உரிமைமூலம் என்றால் நிலம் விற்கிறவருக்கே சொந்தம் என்பதற்கான ஆதாரம்.) கீழே உணவக முதலாளி ஏ. எச். ஸெமரும் அவர் மனைவியும் போட்ட கையெழுத்து. முத்திரைத்தாள் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது, அச்சாரம்கூடக் கைமாறவில்லை. அந்தச் சீட்டில் சொல்லப்பட்ட நிலம் 471.6 ஏக்கர்.

இந்த வழக்கை அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே சொல்லித் தருகிறார்கள். "விளையாட்டுக்குச் சொன்னேன் என்றாலும் செல்லாது, வெளியே தெரிந்ததுதான் கணக்கு" என்ற கொள்கைக்கு உதாரணம் காட்டிவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விடுவார்கள். நிலத் தகராறில் எழுத்தை எப்படி நிரூபிப்பது என்று பார்க்கிறவர்களுக்கு இதில் வேறு சரக்கு இருக்கிறது. எழுதியது தான்தான் என்று ஸெமர் ஒப்புக்கொண்டார். கையெழுத்தையும் மறுக்கவில்லை. அப்படியிருந்தும் வாங்கினவர் கீழ்க்கோர்ட்டில் தோற்றார். மேல்முறையீட்டில் அவரைக் காப்பாற்றியது அந்தச் சீட்டு மட்டுமல்ல. சீட்டுக்கு முன்னும் பின்னும் நடந்தவை.

முதலில் வாய்ப்பேச்சு

லூசி மர வியாபாரி, விவசாயமும் உண்டு. ஸெமரைப் பதினைந்து இருபது வருடங்களாகத் தெரியும். ஃபெர்குசன் பண்ணை மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். ஏழெட்டு வருடம் முன்பு 20,000 டாலர் தருவதாகக் கேட்டதாகவும், ஸெமர் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு பின்வாங்கியதாகவும் லூசி சாட்சியம் சொன்னார். அது வெறும் வாய்ப்பேச்சு. அதனால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஏன் முடியவில்லை? 1677-ல் இங்கிலாந்து மோசடித் தடுப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நிலம் விற்பதாகச் சொல்லும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், யார் மீது வழக்கோ அவருடைய கையெழுத்து அதில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பொய்ச் சாட்சி வைத்து நிலத்தைப் பிடுங்குவதைத் தடுக்க வந்த சட்டம் அது. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் அதை ஒட்டிச் சட்டம் செய்துகொண்டன, வர்ஜீனியாவும்தான். ஆக, 20,000 டாலர் பேச்சை லூசி எத்தனை சாட்சி வைத்து நிரூபித்தாலும் பலன் பெரிதாக இருந்திருக்காது.

இரண்டாவது முறை லூசி "எழுதிக் கொடு" என்றதற்கு இந்தப் பின்னணி முக்கியம். சூடு கண்ட ஆள் அவர்.

அந்த இரவு

லூசி சொன்ன கதை இது. எட்டு மணி வாக்கில் தன் வேலையாள் ஒருவரை மெக்கென்னியில் கொண்டுவந்து விட்டார். அப்படியே ஸெமரைப் பார்க்கலாம் என்று உணவகத்துக்குள் போனார். கையில் பாதி காலியான விஸ்கி பாட்டில். பண்ணையை விற்றுவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் ஸெமர். "50,000 கொடுத்தால்கூட நீங்கள் கொடுக்க மாட்டீர்கள்" என்று லூசி சீண்ட, "கொடுப்பேன், ஆனால் நீர்தான் ஐம்பது தர மாட்டீர்" என்று ஸெமர் திருப்ப, பேச்சு முப்பது நாற்பது நிமிடம் ஓடியது. ஸெமர் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதினார். அந்த முதல் வரைவு "நான் இதன் மூலம் சம்மதிக்கிறேன்" என்று தொடங்கியது.

லூசி அதைப் பார்த்துவிட்டு, உங்கள் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும், "நாங்கள்" என்று மாற்றுங்கள் என்றார். நிலம் ஸெமர் பெயரில்தான் இருந்தது. ஆனால் கணவன் நிலத்தில் மனைவிக்கு அந்தக் காலத்து வர்ஜீனியா சட்டம் ஓர் உரிமை வைத்திருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் வில்லங்கத்தையும் சேர்த்து வாங்கினதாகிவிடும். நம் ஊரில் பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள் என்று பத்திர எழுத்தர் சொல்வாரே, அதே கவலைதான். ஸெமர் முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாவதை எழுதினார். கவுண்டரின் மறுமுனையில், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்ற மனைவியிடம் கொண்டுபோனார். 50,000 என்றால் சரி என்று அவரும் கையெழுத்துப் போட்டார். உரிமைமூலத்தைச் சரிபார்க்கும் வரியைச் சேர்க்கச் சொன்னது லூசி. "முழுமையாக" என்ற சொல்லைப் போட்டது ஸெமர். பண்ணையில் தனக்கு இருப்பது மூன்று கிடாரிக் கன்றுகள்தான் என்றும் சொல்லியிருக்கிறார். அச்சாரமாக லூசி 5 டாலரை நீட்டினார். பணமெல்லாம் எதற்கு, இரண்டு பேர் கையெழுத்தும் உம்மிடம் இருக்கிறதே என்று ஸெமர் மறுத்தார்.

ஸெமர் சொன்ன கதையில் சம்பவங்கள் ஏறக்குறைய இவைதான், அர்த்தம் மட்டும் தலைகீழ். கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை, வந்தவன் போனவனோடெல்லாம் குடித்து ஏற்கெனவே மப்பில் இருந்தேன். லூசியும் அதே நிலை. அவரிடம் அவ்வளவு ரொக்கம் கிடையாது என்று ஒப்புக்கொள்ள வைக்கத்தான் எழுதினேன். மனைவி முதலில் மறுத்தாள். சும்மா அவனைச் சீண்டுகிறேன், விற்கப் போவதில்லை என்று காதோடு சொன்ன பிறகுதான் போட்டாள். சீட்டை நான் கொடுக்கவே இல்லை. கோப்பையை எடுக்கத் திரும்பினேன், அதற்குள் அவர் அதை எடுத்துப் பையில் வைத்துவிட்டார். ஐந்து டாலரைப் போட்டபோது, இதெல்லாம் பீரும் சாராயமும் பேசின பேச்சு, பண்ணையை விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஸெமர் தரப்பு இவ்வளவுதான்: இரண்டு குடிகாரர்கள் யார் பெரிதாகப் பேசுவது என்று போட்டி போட்டார்கள்.

எதிராளியையே சாட்சிக் கூண்டில்

லூசி தரப்பு ஒரு நல்ல வேலை செய்தது. ஸெமரையும் அவர் மனைவியையும் தாங்களே எதிர்ச்சாட்சிகளாக அழைத்தது. எழுதினவர் வாயாலேயே எழுத்தை நிரூபித்துவிட்டால் அப்புறம் கையெழுத்து நிபுணர், ஒப்பீடு எதுவும் தேவையில்லை.

இந்தச் சாட்சியத்தில் ஓர் இடம் சட்டப் புத்தகங்களுக்கு அப்பாலும் படிக்கத் தகுந்தது. சாட்சி சொல்லிக்கொண்டிருந்த ஸெமர், தான் எழுதியதைப் பார்க்க வேண்டும், தன் கையெழுத்துதானா என்று தெரிய வேண்டும் என்று கேட்டார். சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர், அடக் கடவுளே, ஃபெர்குசன் என்பதையே தப்பாக எழுதியிருக்கிறேன், திருப்தி என்ற சொல்லிலும் எழுத்துப் பிழை, இது என் எழுத்து என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை என்றார். அவ்வளவு போதையில் இருந்தேன் என்று காட்டத்தான். ஆனால் சீட்டு மேல்முறையீட்டு நீதிபதிகள் கைக்கும் போனது. அவர் சுட்டிக்காட்டிய பிழைகள் பார்த்தவுடன் தெரிகிறவை அல்ல என்று அவர்கள் எழுதினார்கள்.

மனைவியின் சாட்சியமும் இதே கதி. தன் கணவர் எழுதியது "நான்" என்றுதான், அந்த இரவுக்குப் பிறகு யாரோ "நாங்கள்" என்று திருத்திவிட்டார்கள் என்றார் அவர். அப்படியானால் ஆவணத்தைத் திருத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு, லேசான விஷயம் இல்லை. சீட்டில் திருத்தத்தின் அடையாளமே இல்லை. ஸெமரோ முதலில் இரண்டு வரைவு பற்றி நினைவில்லை என்றார், பிறகு ஒன்றுதான் எழுதினதாக நினைக்கிறேன் என்றார். கிழித்துப் போட்ட முதல் தாள் கிடைக்கவில்லை. ஆனாலும் அது இருந்தது என்பதை நீதிமன்றம் நம்பியது. லூசி தரப்பில் மிக வலுவான துண்டு இதுதான் என்பது என் எண்ணம். வேடிக்கைக்கு எழுதுகிறவன் ஒருமையைப் பன்மையாக்க மறுபடி உட்கார்ந்து எழுத மாட்டான்.

உணவகத்தில் துடைத்துப் பெருக்கிக்கொண்டிருந்த பணிப்பெண்ணும் சாட்சி சொன்னார். இருவரும் நிறையவே குடித்திருந்தார்கள், ஐந்து டாலர் அங்கே கிடந்தது, ஸெமர் வாங்கவில்லை, பண்ணையை விற்கப் போவதில்லை என்றார் என்று ஸெமருக்குச் சாதகமாகவே பேசினார். குறுக்கு விசாரணையில், தான் கவனிக்கவில்லை, தள்ளி இருந்தேன், யாரும் கையெழுத்துப் போட்டதைப் பார்க்கவில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார்: எழுதி முடித்ததும் லூசி சீட்டை வாங்கிப் பையில் வைத்துவிட்டார், ஸெமரின் மனைவியிடம் காட்டுவதற்கு முன்பே. சீட்டிலோ மனைவியின் கையெழுத்து இருக்கிறது. பையில் போன காகிதத்தில் எப்படி வந்தது? நல்லெண்ணத்தோடு சொல்லும் சாட்சியும் ஆவணத்தோடு மோதினால் இப்படித்தான் நொறுங்கும்.

குடிபோதை வாதம் போன விதம் இன்னும் சுவையானது. லூசி கிளம்பும்போது, அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டுவாருங்கள் என்று கணவரிடம் தானே சொன்னதாக மனைவி சாட்சியம் சொன்னார். வண்டி ஓட்டும் அளவுக்குத் தெளிவாக இருந்த மனிதர் என்ன எழுதினோம் என்று தெரியாத அளவுக்குப் போதையில் இருந்தாரா? போதாக்குறைக்கு, நினைவு தப்பிய போதை என்றவர் யார் எந்த வார்த்தை சொன்னார் என்பது வரை விவரமாக ஒப்பித்தார். கடைசியில் ஒப்பந்தமே செய்ய முடியாத அளவு போதை இல்லை என்று அவர் வழக்கறிஞரே வாய்மொழி வாதத்தில் ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு, திங்கள், ஜனவரி

மறுநாள் மெக்கென்னியில் ஒரு வீட்டு விசேஷம். பண்ணை கைமாறிய பேச்சுதான் எங்கும். 50,000 என்று காதில் விழுந்ததும் ஸெமரின் மனைவி நின்று, நேற்று நீங்கள் குடித்த உயர்ந்த விஸ்கிக்கு இன்னும் கூடவே கொடுத்திருக்க வேண்டும், இது மலிவு என்றார். ஸெமர் லூசியிடம் பேசியதை எந்தப் பக்கமும் சேராத ஒரு சாட்சி கேட்டிருக்கிறார்: நீர் குடித்திருந்தீர், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டீர், பேரத்திலிருந்து உம்மை விட்டுவிடுகிறேன் என்று ஸெமர் சொன்னார், முன்பும் மாட்டியிருக்கிறேன், இதை முடித்தே தீருவேன் என்று லூசி சொன்னார். "விட்டுவிடுகிறேன்" என்று ஒருவன் சொல்கிறான் என்றால் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். பேரமே நடக்கவில்லை என்பவன் பேசும் பேச்சு அது அல்ல.

லூசியின் பக்கம் தேதிகள் வரிசையாக நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தம்பியோ அண்ணனோ, சகோதரர் ஜே. சி. லூசிக்குத் தொலைபேசியில் பேசிப் பாதிப் பங்கு எடுத்துக்கொள்ள வைத்தார். திங்கள் உரிமைமூலத்தைப் பார்க்க வழக்கறிஞரை அமர்த்தினார். செவ்வாய்க்கிழமை மறுபடி உணவகத்துக்குப் போனபோதுதான் விற்க மாட்டேன் என்று ஸெமர் முதன்முதலாகச் சொன்னார் என்கிறார். டிசம்பர் 31-ல் வழக்கறிஞர் உரிமை சுத்தம் என்று அறிக்கை கொடுத்தார். ஜனவரி 2-ல், பணம் ரொக்கமாகத் தயார், எப்போது முடிக்கலாம் என்று லூசி கடிதம் எழுதினார். விற்கும் எண்ணமே தனக்கு இருந்ததில்லை என்ற ஸெமரின் பதில் தபாலில் சேர்க்கப்பட்டது ஜனவரி 13-ல். நம் ஊர் வழக்கறிஞர்களுக்கு அந்த ஜனவரி 2 கடிதத்தின் மதிப்பு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில், அதாவது நஷ்டஈடு இல்லாமல் ஒப்பந்தத்தையே நிறைவேற்றித் தரச் சொல்லும் வழக்கில், வாதி தன் பங்கை நிறைவேற்றத் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று நம் தனிநிலைத் தீர்வுச் சட்டமும் கேட்கிறது. எத்தனையோ வழக்குகள் அங்கேதான் கவிழ்கின்றன.

நீதிமன்றம் சொன்னது

1954 நவம்பர் 22-ல் நீதிபதி புக்கானன் தீர்ப்பு எழுதினார். ஸெமர் தரப்பு வாதம் வழக்கத்துக்கு மாறானது, வினோதமானது என்றே சொல்லலாம்; தானே எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஆவணத்துக்கு எதிராக அப்படி வாதிட்டால் அதைத் தெளிவான சாட்சியத்தால் நிறுவ வேண்டும் என்றார். முழு வழக்கும் இந்த இடத்தில்தான் திரும்புகிறது. கீழ்க்கோர்ட் லூசி தன் உரிமையை நிலைநாட்டவில்லை என்று தள்ளுபடி செய்திருந்தது. மேல்கோர்ட் கேள்வியைத் திருப்பிப் போட்டது: எழுத்தும் கையெழுத்தும் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு, அது ஒப்பந்தம் இல்லை என்று காட்டும் பாரம் மறுக்கிறவன் தலையில்.

அப்புறம்தான் பாடப்புத்தகப் புகழ் பெற்ற பகுதி. ஸெமர் மனதுக்குள் உண்மையிலேயே விளையாட்டாக நினைத்திருந்தார் என்றே வைத்துக்கொண்டாலும், லூசிக்கு அது தெரியாது. மனைவியிடம் காதோடு சொன்னது லூசிக்குக் கேட்கக் கூடாது என்றுதான் சொன்னது. கையெழுத்தாகும் வரை சொல்லாலோ செயலாலோ லூசிக்கு அப்படி ஒரு ஜாடையும் காட்டவில்லை. வெளியே காட்டியதை வைத்துத்தான் சட்டம் ஒருவரின் நோக்கத்தை அளக்கும்.

சீட்டை ஒப்படைக்கவே இல்லை என்ற வாதத்தை நீதிமன்றம் சற்று வேகமாகவே கடந்துவிட்டதாக எனக்குப் படுகிறது. லூசி எடுத்துக்கொண்டபோது திருப்பிக் கொடு என்று இருவரில் யாரும் கேட்கவில்லை என்பது பதில். போதுமான பதில்தான், ஆனால் விஸ்கி பாட்டில் கொண்டுவந்தது வாங்கினவர் என்பதையும் அவர் மர வியாபாரி என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நெருடல் முழுதாகப் போவதில்லை. 2012-ல் டியூக் சட்ட ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை இந்த நெருடலைத்தான் பின்தொடர்ந்து போனது. அந்தப் பகுதியில் மரத்துக்கு ஏறிக்கொண்டிருந்த கிராக்கியைக் காட்டி, பண்ணையின் உண்மையான பெறுமானம் அதன் மரத்தில் இருந்தது என்றது.

இதே வாதம் இங்கே வந்தால்

1677 சட்டம் நமக்கும் அந்நியமில்லை. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் கம்பெனி காலத்திலிருந்தே அது செல்லுபடியானது. 1872 ஒப்பந்தச் சட்டம் வந்தபோது அதன் முக்கியமான பிரிவுகள் இங்கே நீக்கப்பட்டன. அதனால் நிலம் விற்பதாக வாய்மொழியாகச் செய்த ஒப்பந்தம் இந்தியாவில் அந்தக் காரணத்தினாலேயே செல்லாது என்றாகாது. நிரூபிப்பதுதான் பெரும்பாடு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனால் பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 10-ல் சொன்னது. இப்படிச் சாட்சியமாக ஏற்க இடம் தரும், பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவிலுள்ள விலக்கை 2012-ல் வந்த அந்தத் திருத்தம் தொடவில்லை என்பது காரணம்.

ஸெமர் வாதத்துக்கு நம்மூர் வடிவம் வேறு. "விளையாட்டுக்கு எழுதினேன்" என்று இங்கே யாரும் சொல்வதில்லை. "கடனுக்குப் பிணையாக எழுதிக் கொடுத்தது, விற்க அல்ல" என்பார்கள். எழுத்துக்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு சொல்லும். புதிய சட்டத்தில் அது 95. இருந்தாலும், அந்த ஆவணம் ஒருபோதும் செயல்படுத்தப்படுவதற்காக எழுதப்பட்டதல்ல என்று காட்ட வாய்மொழிச் சாட்சியம் தரலாம் என்று எண்பதுகளின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் வழிவிட்டிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே போனவரெல்லாம் ஜெயிப்பதில்லை. நில மதிப்புக்கும் எழுதிய தொகைக்கும் உள்ள தூரம், வட்டி கட்டிய தடயம், சுவாதீனம் யாரிடம் இருந்தது, முடிக்க ஏன் அத்தனை வருட அவகாசம் என்று சுற்றியுள்ளதைத்தான் நம் நீதிமன்றங்களும் துருவுகின்றன.

விலை

லூசி வழக்கில் கடைசியாக நின்ற கேள்வி, ஒப்பந்தம் செல்லும் என்றாலும் பண்ணையையே எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டுமா, நஷ்டஈடு போதாதா என்பது. ஏற்றதை ஆற்றும் பரிகாரம் அங்கே நீதிமன்றத்தின் விருப்புரிமை. விலை அநியாயமாகக் குறைவு, ஏமாற்று, சூழ்ச்சி என்று ஏதாவது இருந்தால் மறுத்திருக்கலாம். ஸெமர் அந்தப் பண்ணையைப் பத்து வருடங்களுக்கு மேல் முன்பு 11,000 டாலருக்கு வாங்கியவர். 50,000 நல்ல விலைதான், அந்த விலையில் லூசிதான் மாட்டிக்கொள்வார் என்று விசேஷ வீட்டில் சொன்னதும் அவரே. ஆக, விலையைப் பற்றி முறையிடும் வழியை அவர் வாயே அடைத்துவிட்டது. கீழ்க்கோர்ட்டின் ஆணையை ரத்து செய்து, லூசி சகோதரர்கள் கேட்டபடி ஸெமர் தம்பதி ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி ஆணை பிறப்பிக்க வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள்.